வெள்ளைப் பைக்கு எடுத்த ஆரத்தி

வளைவில் ஜீப்பை ஒரு கையால் ஒடித்துக்கொண்டே, இன்னொரு கையால் மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே ஒரு சின்ன வெள்ளைப் பையை மாமா செருகிக்கொண்ட நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. இதைக் கொண்டுபோய் எங்கள் கல்லூரி மெஷினில் போட்டால் என்ன?

யோசனை என்று சொல்வது அதிகம். அது ஒரு அரிப்பு. எம்.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் கரைத்து வடிகட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுக்கும். பக்கத்து வீட்டு ஹேர் டை, கோயில் விபூதி, அக்கா வாங்கும் மஞ்சள்தூள் எல்லாவற்றையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. விடுமுறையில் வேலையில்லாமல் மாமாவின் ஜீப்பில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு மலைக்கும் அடிவாரத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தவளுக்கு, புதினா வாசத்தோடு ஒரு புதுப் பொருள் கண்ணெதிரே வந்தால் சும்மா இருக்க முடியுமா?

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். அன்றைக்குப் பின்சீட்டில் புளிக்கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் ஒருவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இன்னாபா அது, டீத்தூள் பையா? வாயிலயே டீ போட்டுக்கிறியா?"

"டீ இல்லம்மா. நிக்கோட்டின் பவுச். இதுல புகையிலையே கெடையாது. மூடி மேலயே போட்டுக்கீது," என்றார் மாமா, உதடு கொஞ்சம் உப்பியபடி.

"புகையிலை இல்லன்னா அப்புறம் இன்னாத்துக்குப்பா வாயில அடக்கிகினு கீற?"

மாமா ஹாரனை அடித்தார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

மேலே டீக்கடையில் நிறுத்தியபோது ஊறிப்போன பையைத் துப்பினார். ஓர் ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டு, தலையை உதறித் தும்மிவிட்டுப் போனது. ஆட்டுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தாக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் விளையாட்டாகத் தெரியும். மாமா பல வருஷமாகப் புகையிலை போட்டவர். உள்ளங்கையில் இலையைக் கிள்ளி வைத்து, சுண்ணாம்பு தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, தூசியைத் தட்டி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு வண்டியை எடுப்பார். ஒரு நாள் பல்வலிக்குப் போன இடத்தில், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதை டாக்டர் கண்ணாடி வைத்துக் காட்டினார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் புகையிலையை விடாவிட்டால் அது என்னவாகும் என்று சொல்ல முடியாது என்றார். அக்கா அன்றைக்கே வீட்டில் கற்பூரத்தை ஏற்றி மாமாவின் கையைப் பிடித்து அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினாள். மாமாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெங்களூரில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவர் இந்த டப்பாவை அறிமுகப்படுத்தியதால்தான் காப்பாற்ற முடிந்தது.

சத்தியம் நின்றது. ஆனால் வேறொன்று ஆரம்பித்தது. மலை ஏறும்போது மாமாவுக்கு அவ்வப்போது தலை சுற்றியது. நெற்றியில் சில்லென்று வேர்த்தது. ஒருமுறை வளைவில் வண்டியை ஓரங்கட்டி, சனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறார். கேட்டால் "பித்தம்" என்பார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற சாலையில் ஒரு டிரைவருக்குப் பித்தம் ஏறினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கதி என்ன என்பதை அக்கா யோசித்துக்கொண்டே இருந்தாள்.

பவுச்சைப் பரிசோதிக்கப் போகிறேன் என்று நான் குதித்துக்கொண்டு சொன்னபோது, அவள் மாவு பிசைந்த கையோடு திரும்பினாள்.

"நல்லா கேட்டுக்கோ. நல்லதுன்னு சொன்னியானா அந்த ஆளு ஆயுசுக்கும் அத்த வுடமாட்டாரு. கெட்டதுன்னு சொன்னியானா, அப்ப பழசே தேவலன்னு புகையிலைக்கே போய்டுவாரு. ரெண்டுல எது நடந்தாலும் கஷ்டப்படப்போறது நான்தான். அதனால இன்னா கீதோ அத்த மட்டும் சொல்லு. உன் ஜம்பத்துக்கு எதனா அளந்துவுடாத."

"நான் எப்பக்கா அளந்துவுட்டேன்?"

"விபூதில சிமென்ட்டு கீதுன்னு சொல்லி பூசாரிய அழவச்சது யாரு?"

அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

மாதிரி சேகரிப்பது முதல் வேலை. மாமாவிடம் கேட்டு வாங்கினால் அதில் என்ன ருசி? அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, நாலு பவுச்சைக் கையுறை போட்ட கையால் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டேன். எடை குறைந்தது தெரியக் கூடாது என்று ஈடாக நாலு புளிப்பு மிட்டாயை உள்ளே வைத்தேன். அதுதான் கெடுத்தது. அடுத்த நாள் வண்டியில் உதட்டுக்குள் மிட்டாயைச் செருகிய மாமா, நாக்கால் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, ஆரஞ்சு மிட்டாயி நல்லா இருந்திச்சி. என்னுது எங்க?"

"ஆராய்ச்சிக்கு மாமா."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனே. திருட்டுப் பொருள வச்சா ஆராய்ச்சி பண்றாங்க உங்க காலேஜுல?" என்று சொல்லி, டேஷ்போர்டைத் திறந்து, சீல் பிரிக்காத இன்னொரு டப்பாவை என் மடியில் போட்டார். "போய்ட்டு இதையும் போட்டுப் பாரு. விஷம் கீதுன்னு மெஷின் சொல்லட்டும், அன்னிக்கே வுட்டுடறேன். சொல்லலன்னா, என் வண்டி பின்னாடி 'மாமா சொன்னா சரி'ன்னு நீயே பெயின்ட்ல எழுதணும். சம்மதமா?"

"பெயின்ட் செலவு உன்னுது."

"எழுத்துப்பிழை உன்னுது."

இப்படியாக விடுமுறை முடிந்ததும் ஒரு திருட்டு மாதிரியும் ஒரு நல்ல மாதிரியும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தன.

எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பெரிய மெஷினை ஓட்டுவது ஆராய்ச்சி மாணவியான ஓர் அக்கா. நானும் அவளும் டீ குடிக்கும் கூட்டாளிகள் என்பதால் இரண்டு பேரும் உரிமையோடு சண்டை போட்டுக்கொள்வோம். மெஷின் செய்வது சுலபமாகச் சொல்லக்கூடியதுதான். ஒரு கலவையைச் சூடாக்கி ஆவியாக்கி, முடியைவிடக் கொஞ்சமே தடித்த நீளமான குழாய்க்குள் ஓடவிடும். கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதனதன் வேகத்தில் வெளியே வரும். வரும்போது திரையில் ஒரு கூம்பு எழும்பும். அந்தக் கூம்பின் அடையாளத்தைத் தன் நினைவில் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான அடையாளங்களோடு ஒப்பிட்டு, இது இன்னாராக இருக்கலாம் என்று கணினி ஒரு பெயரைச் சொல்லும். 'இருக்கலாம்' என்பதைக் கவனிக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

பையைக் கத்தரித்து, உள்ளே இருந்த வெள்ளைத் தூளைக் கரைப்பானில் ஊறவைத்து, குலுக்கி, வடிகட்டி, மெஷினுக்குக் கொடுத்தோம். முதலில் சின்னச் சின்னதாகச் சில கூம்புகள். பிறகு திரையின் கூரையை முட்டிக்கொண்டு ஒன்று.

"நிக்கோட்டின்," என்றாள் மெஷின் அக்கா. "பேர்லயே இருக்கு, இதுக்கு மெஷின் எதுக்கு?"

அடுத்து மென்தால். புதினா வாசத்துக்கான இன்னும் இரண்டு பொருள்கள். ஈரத்தைப் பிடித்து வைக்க ஒன்று. வாசமே இல்லாமல் வாயைச் சில்லென்று ஆக்குவதற்காகத் தயாரிக்கப்பட்ட செயற்கைப் பொருள் ஒன்று. எல்லாம் எங்கேயோ மிட்டாயிலும் பற்பசையிலும் கேள்விப்பட்ட பெயர்கள். எனக்குச் சப்பென்றாகிவிட்டது. கொம்பும் பல்லுமாக ஏதாவது ஒன்று எழும்பி வரும், அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடலாம் என்று காத்திருந்தவள் நான்.

கடைசியில் ஒன்று வந்தது. பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் பொருளின் பெயரைக் கணினி காட்டியது. நான் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டேன்.

"பாத்தியாக்கா! பிளாஸ்டிக்! எங்க மாமா வாயில பிளாஸ்டிக்!"

மெஷின் அக்கா நிதானமாக, பவுச்சே போடாத வெறும் கரைப்பானை ஓட்டினாள். அதே இடத்தில் அதே கூம்பு.

"இது உங்க மாமா வாயிலேர்ந்து வரல. நீ ஊறவச்ச பிளாஸ்டிக் டியூப்லேர்ந்து வருது. கண்ணாடியில ஊறவைன்னு சொன்னேனா இல்லையா?"

மறுபடி முதலிலிருந்து, கண்ணாடியில். பிளாஸ்டிக் கூம்பு மறைந்தது. நான் அவசரப்பட்டு அடித்து வைத்திருந்த வாட்ஸாப் செய்தியும் மறைந்தது.

அப்புறம் மெஷின் அக்கா வேறு மாதிரி குண்டு போட்டாள். இந்த மெஷினுக்கு ஆவியாகிற பொருள்தான் தெரியும். இனிப்புக்காகப் போட்டிருப்பது ஆவியாகாது, அது தெரியாது. ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் தெரியாது. புகையிலையில் புற்றுநோய்க்குக் காரணம் என்று சொல்லப்படும் சில பொருள்கள் மிகமிகக் கொஞ்சமாக இருந்தால் இதன் கண்ணுக்கே படாது. அதற்கு வேறு கருவி வேண்டும். "நாம பாக்காதத 'இல்ல'ன்னு சொன்னா அது பொய்," என்றாள். வாசப்பொருள்கள் விஷயமும் அப்படித்தான். உணவில் சேர்க்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள் என்றால், அது விழுங்கி வயிற்றுக்குப் போவதைப் பற்றிய பேச்சு. நாளெல்லாம் ஒரே இடத்தில் ஈறோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

ஆக, பந்தயத்தில் நான் தோற்கப் போகிறேன் என்பது ஏறக்குறைய உறுதி. அந்த எரிச்சலில்தான், பவுச்சை வெறும் தண்ணீரில் போட்டு பி.எச். மீட்டரை நுழைத்துப் பார்த்தேன். சீல் பிரிக்காத டப்பாவிலிருந்து எடுத்தது லேசான காரத்தன்மை காட்டியது. அது எதிர்பார்த்ததுதான். நிக்கோட்டின் ஈறு வழியாக ரத்தத்துக்குள் இறங்க வேண்டுமானால் கொஞ்சம் காரத்தன்மை வேண்டும், அதற்காகவே தயாரிப்பவர்கள் சோடா உப்பு மாதிரி ஒன்றைச் சேர்க்கிறார்கள். அடுத்து, சட்டைப் பையிலிருந்து திருடிய பவுச். மீட்டரின் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. கண்ணாடிக் குழாயைக் கழுவி மறுபடி வைத்தேன். மறுபடி ஏறியது.

ஒரே நிறுவனம், ஒரே வாசம், ஒரே மாதிரி டப்பா. ஒன்று சாது, ஒன்று வாயைப் புண்ணாக்குகிற அளவுக்கு முரடு. என் மூளையில் உடனே தலைப்புச் செய்தி ஓடியது. அயோக்கிய நிறுவனம்! டப்பாவுக்கு டப்பா கலப்படம்! அக்காவுக்கு, அதாவது என் சொந்த அக்காவுக்கு, போன் போட்டுவிட்டேன்.

"அக்கா, கண்டுபுடிச்சிட்டேன். கம்பெனிக்காரன் மோசம் பண்றான்."

"பூசாரிய சொன்ன மாதிரி சொல்றியா, நெஜமாவே சொல்றியா?" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். அந்தக் கேள்வி குத்தியது. சரி, அதிகப்படியாக என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பிளஸ் டூவில் எல்லோரும் செய்கிற உப்புப் பகுப்பாய்வுதான். முதலில் தீச்சுடரில் காட்டினேன். இரண்டு பவுச்சிலும் சோடா இருப்பதால் சுடர் முழுக்க மஞ்சளாகி எதையும் பார்க்கவிடவில்லை. பிறகு இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து வடிகட்டி, கால்சியம் இருந்தால் வெளுத்துக் காட்டும் அம்மோனியம் ஆக்சலேட் விட்டேன். சீல் பிரிக்காத டப்பாவின் கரைசல் தெளிவாகவே இருந்தது. திருடிய பவுச்சின் கரைசல் மோர் மாதிரி வெளுத்தது. கால்சியம்.

பெங்களூர் வழியாக எங்கிருந்தோ வருகிற பவுச்சில், மாமாவின் சட்டைப் பைக்கு வந்த பிறகு மட்டும் கால்சியம் எப்படி முளைக்கும்?

மெஷின் அக்கா புகையிலை தேய்ப்பவர்களைப் பார்த்ததில்லை, அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. உள்ளங்கை, கட்டைவிரல், தேய்ப்பு. சுண்ணாம்பு! வெள்ளைப் பை மேல் வெள்ளைச் சுண்ணாம்பு காய்ந்திருந்தால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

மாமாவுக்கு போன் போட்டேன். ஜீப் ஸ்டாண்டில் இருந்தார் போல, பின்னால் யாரோ ஊர்ப்பேர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, பவுச்சுல சுண்ணாம்பு தடவுறியா?"

கூவியவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லி அடக்கினார். பிறகு, "உன் மெஷின் அதக்கூட காட்டுதா?" என்றார், உண்மையான மரியாதையோடு.

"ஏன் மாமா தடவுற?"

"சப்புனு கீது பாப்பா. சுண்ணாம்பு தொட்டாதான் ஜிவ்வுனு ஏறுது. வளைவுல ஒரு கையில தடவிகினு இருக்க முடியுமா? அதான் காலையில ஸ்டாண்டுலயே எல்லாத்துக்கும் ஒரு இழுப்பு இழுத்து டப்பால போட்டு வச்சிடுவேன். சத்தியம் பண்ணது புகையிலைக்குத்தானே, சுண்ணாம்புக்கு இல்லையே?"

புகையிலையை விட்டவரின் விரல் மட்டும் பழைய வேலையை விடவில்லை. தயாரித்தவர்கள் ஏற்கெனவே அளந்து சேர்த்திருந்த காரத்தன்மைக்கு மேல் மாமா தன் பங்குக்கு ஒரு பூச்சு பூசியிருக்கிறார். சுண்ணாம்பு பட்டதும் நிக்கோட்டின் கட்டவிழ்ந்து, ஈறு வழியாக மொத்தமாக, வேகமாக உள்ளே இறங்குகிறது. தலை சுற்றுகிறது, வேர்க்கிறது, வாந்தி வருகிறது. பித்தத்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. இன்னொன்றும் உண்டு. வெறும் வாயில் சுண்ணாம்பு அதிகமானால் சுரீரென்று சுட்டுக் காட்டிக்கொடுக்கும். இங்கே மென்தாலும் அந்தச் சில்லென்ற பொருளும் சேர்ந்து சூட்டை மூடி மறைத்துவிட்டன. வாய் வெந்தது அவருக்கே தெரியவில்லை.

இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிம்மா" என்று வைத்துவிடுவார். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் ஸ்டாண்டிலேயே கடை விரித்தேன். ஜீப்பின் முன்மூடி மேல் மூன்று கண்ணாடி டம்ளர். மூன்றிலும் மஞ்சள் கரைத்த தண்ணீர். மலைக்குப் போகக் காத்திருந்த சனம் சுற்றிக்கொண்டது.

"இன்னா பாப்பா, ஜூஸா?"

"குடிச்சிடாதண்ணா, சயின்ஸ்."

முதல் டம்ளரை அப்படியே விட்டேன். இரண்டாவதில் புதுப் பவுச் ஒன்றைப் பிய்த்துப் போட்டேன். மஞ்சள் மெல்லக் கறுத்து, காய்ந்த இலை நிறத்துக்கு வந்தது. மூன்றாவதில் மாமா அன்று காலை தடவி வைத்திருந்த பவுச். போட்ட இடத்திலிருந்து சிவப்பு சுருள்சுருளாக இறங்கி, கலக்கியதும் டம்ளரே ரத்தச் சிவப்பாகிவிட்டது.

விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற அந்தச் சிவப்பைத் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

"டேய், ஆரத்திடா!" என்று ஒருவர் கத்தினார். "டிரைவரு வாயிலயே ஆரத்தி கரைச்சிகினு கீறாருடா!"

"பொண்ணு மாப்ள வந்தா இவர வாயத் தெறக்கச் சொன்னா போதும்!"

மாமாவும் சிரித்துவிட்டார். சிரிக்காதது அக்கா மட்டும்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சிவப்பு டம்ளரை எடுத்தாள். மாமாவின் முகத்துக்கு நேராக மூன்று சுற்று சுற்றினாள். நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். சிரிப்பு அடங்கியது.

"அன்னிக்கி வளைவுல வண்டிய நிறுத்திட்டு வாந்தி எடுத்தியே, அது இதான்," என்றாள். குரல் உயரவில்லை. "நிறுத்த ஒரு நிமிஷம் லேட்டாகியிருந்தா இன்னா ஆகியிருக்கும்? பின்னாடி எத்தினி பேரு உக்காந்திருந்தாங்க? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். சுண்ணாம்பு டப்பாவ குடு."

மாமா டேஷ்போர்டைத் திறந்து கொடுத்தார். அவள் அதை ஆரத்தித் தண்ணீரோடு சேர்த்துச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, வண்டி நிறைந்ததும், மாமாவுக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. "சுண்ணாம்பு என் தப்பு, ஒத்துக்கறேன். பவுச்சுல விஷம் கீதுன்னு மெஷின் சொல்லிச்சா, இல்லியா? அத்த சொல்லு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் ஜெயித்துவிடுவேன், ஆனால் அவர் பழைய இலைக்குத் திரும்பிவிடலாம். இல்லை என்று சொன்னால் அது சான்றிதழாகிவிடும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிக்கோட்டின் நெறைய கீது மாமா. அது உன்ன வுடாம புடிச்சி வச்சிக்கும், நெஞ்சு படபடக்க வைக்கும். புகையிலை இலையில கீற மோசமான சாமான்ல பலது இதுல கம்மியா இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா எங்க மெஷினால அத்த பாக்க முடியல. அந்த வாசன சாமான தெனம் ஈறுல வச்சா வருஷம் போனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாது. திரும்ப புகையிலைக்குப் போறதுக்கு இது காரணம் இல்ல. இதுலயே இருக்கறதுக்கும் இது காரணம் இல்ல."

"இன்னா பாப்பா இது, எலக்சன் ரிசல்ட்டு மாதிரி இழுக்கற?"

புளிக்கூடை அம்மாள் அன்றைக்கும் பின்சீட்டில் இருந்தார். "அந்தப் பொண்ணு தெரியாதத தெரியாதுன்னு சொல்லுது. நீ டாக்டருகிட்ட போயி வாயக் காட்டு. பந்தயத்துல ஆளுக்குப் பாதி," என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆளுக்குப் பாதி என்பதால், ஜீப்பின் பின்னால் சிவப்பு பெயின்ட்டில் 'மாமா சொன்னா' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பின்னால் வருகிற லாரிக்காரர்கள் முந்திப்போகும்போது, "சொன்னா இன்னா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம்.

அடுத்த வாரமே அக்கா மாமாவை வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கூட நானும் போனேன். புகையிலையை விடுவதற்கு உதவுகிற பிரிவு ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. கன்னத்துத் திட்டு வளரவில்லை என்று டாக்டர் சொன்னதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பவுச் வைக்கும் இடத்தில் ஈறு தோலுரிந்து கிடந்தது, அது சுண்ணாம்பின் வேலை. வண்டி ஓட்டும்போது வாயில் எதுவும் கூடாது, பவுச்சை ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாகக் குறைக்கலாம், சொன்ன நாளுக்குத் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். நிக்கோட்டின் இல்லாத பையை நடுநடுவே கலந்து கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். சாப்பிடுகிற பொருளாக இருந்தால் தப்பில்லை, மாமாவுக்குத் தெரிந்து செய்யுங்கள் என்று சிரித்தார்.

மாமாவுக்குத் தெரிந்துதான் செய்கிறோம். எது போலி என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அக்காதான் டப்பாவை நிரப்புவாள், அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். டீ பையின் காகிதத்தைக் கத்தரித்து, உள்ளே பொடி போட்டு, என் முடியை நேராக்குகிற மெஷினால் ஓரத்தை அழுத்தி ஒட்டினேன். போலி என்று மாமாவுக்குத் தோன்றினால் ஹாரன் அடிக்க வேண்டும் என்று விதி வைத்தேன்.

"வளைவுல அடிக்கிற ஹாரன எதுல சேக்கறது?" என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. நின்ற வண்டியில் மட்டும்தான் பவுச், நின்ற வண்டியில் அடிக்கும் ஹாரன் மட்டும்தான் கணக்கு என்று விதியைத் திருத்தினோம்.

முதல் முயற்சி ஊத்திக்கொண்டது. காய்ந்த புதினாவைப் பொடித்துப் போட்டிருந்தேன். மாமா கண்டுபிடிக்க நாக்கே தேவைப்படவில்லை. பல்லெல்லாம் பச்சையாகி, எதிரே நின்ற டிரைவர்கள் சிரித்தே காட்டிக்கொடுத்துவிட்டார்கள். மாமா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

இப்போது சாமை மாவை வறுத்து, துளி உப்பும் துளி புதினா எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து வைத்திருக்கிறேன். நிறம் ஏறக்குறைய அதேதான். எச்சில் பட்டால் மாவு ஊதிக்கொள்கிறது என்பதுதான் தகராறு. உதட்டுக்குள் இட்லி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நானே வைத்துப் பார்த்துவிட்டேன். வறுவலை இன்னும் கொஞ்சம் கூட்டி, மாவைப் பாதியாகக் குறைத்து, சோம்பைச் சலித்துச் சேர்த்தால் அடங்கும் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் புது டப்பா தயாராகிவிடும். அக்கா முதலில் பத்துக்கு ஒரு போலி என்று ஆரம்பித்து, போகப்போகக் கூட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்தப் போலியையும் வாயில் வைத்த நொடியே கண்டுபிடித்துவிடுவேன் என்று மாமா ஸ்டாண்டில் எல்லோரிடமும் சவால் விட்டுக்கொண்டிருக்கிறார்.